உங்கள் ஊர் மருதமரம்தான் பெரிசா? அப்போ டேப்பை எடுங்கள்

எங்கள் சோழவந்தான் பக்கம் பெரிய மரத்துக்கு ஒரே அளவுதான். எத்தனை ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தால் எட்டும்? ‘நாலு ஆள் மரம்’ என்றால் மரியாதை, ‘அஞ்சு ஆள் மரம்’ என்றால் சாமி. ஒரு காதுகுத்து விருந்தில் என் மாமா எங்கள் கண்மாய்க்கரை மருதமரத்தை அஞ்சு ஆள் என்று சொல்லப்போக, வாடிப்பட்டிப் பக்கத்துச் சம்பந்தி ஒருத்தர் தங்கள் ஊர் மரம் ஆறு ஆள் என்று மல்லுக்கு நிற்க, இலையில் கறி ஆறிப்போனதுதான் மிச்சம். அந்த ‘ஆள்’ யார், ஆறடிக்காரரா பள்ளிக்கூடத்துப் பையனா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கையை முழுசாக விரித்தால் கிட்டத்தட்ட அவரவர் உயரம்தான் வரும். ஐந்தரை அடி ஆள் நாலு பேர் என்றால் 22 அடி, நாலரை அடிப் பையன்கள் நாலு பேர் என்றால் 18 அடி. ரெண்டுமே ‘நாலு ஆள் மரம்’தான்!

இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்கப் போய்த்தான் மரம் அளக்கவே கற்றுக்கொண்டேன். இதை முறையாகச் செய்கிற ஊர்களும் உண்டு. அமெரிக்காவில் ‘அமெரிக்கன் ஃபாரஸ்ட்ஸ்’ என்ற அமைப்பு 1940இல், அந்த நாட்டு மரங்களில் ஒவ்வொரு இனத்திலும் ஆகப் பெரியது எது என்று பட்டியல் போடத் தொடங்கியது. பசிபிக் கரையில் ஒரு மேப்பிள் இனம் இருக்கிறது, இலை ஒன்றே ஓர் அடி அகலம் வரை வரும், அதில் பெரிய மரம் எது என்று டேப்பும் கையுமாகக் காட்டில் அலைகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். நமக்கு மேப்பிள் எதற்கு, மருதம் இருக்கிறது. கிராமத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் மதுரையை ‘மருதை’ என்றுதான் சொல்கிறார்கள். மருதமரத்தால்தான் ஊருக்கே அந்தப் பெயர் என்று ஒரு கட்சி உண்டு. இல்லை, இது கடம்பவனம் என்று எதிர்க்கட்சியும் உண்டு, அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

முதலில் அளக்கப் போவது மருதம்தானா என்று பாருங்கள். நம் ஆட்கள் நாலைந்து மரத்தை மருது என்கிறார்கள். ஆற்றோரம், கண்மாயோரம் நிற்கிற நீர்மருதுக்குப் பட்டை வழவழப்பாக, வெளிறிய சாம்பல் நிறத்தில், கொஞ்சம் ரோஸ் கலந்த மாதிரி இருக்கும். அது பெரிய பெரிய தகடாக உரிந்து விழும். உரிந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசி மெழுகின சுவர் போலத் தெரியும். இலை கொய்யா இலை மாதிரி நீளவாட்டில் இருக்கும். இலையைத் திருப்பிக் காம்பு சேருகிற இடத்தைப் பாருங்கள், கடுகு அளவில் ரெண்டு முடிச்சு இருக்கும். மரத்தடியில் ஐந்து இறக்கை வைத்த கட்டைக் காய்கள் கிடக்கும். ஆனால் காயை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், கருமருதுக்கும் காயில் ஐந்து இறக்கை உண்டு. கருமருதின் பட்டை முதலை முதுகு போல ஆழமாக வெடித்திருக்கும், அதைப் பார்த்தால் குழப்பமே வராது. ஊதாப்பூ பூக்கிற பூமருது வேறு குடும்பம், அதை விட்டுவிடுங்கள்.

எங்கே தேடுவது? தண்ணீர் போகிற வழியே போங்கள். பேரணையிலிருந்து கீழே வைகையின் ரெண்டு கரையும், பெரியாறு கால்வாய் ஓரம், பழைய கண்மாய்களின் மடை, கலுங்குப் பக்கம், அழகர்மலை ஓடைகள். எல்லாவற்றையும் விட நல்ல இடம் கோயில்காடு. அய்யனாரோ கருப்பசாமியோ இருக்கிற இடத்தில் ஒரு கொப்பை ஒடிக்கக்கூட ஆட்கள் பயப்படுவார்கள், அதனால்தான் மரம் மிஞ்சியிருக்கிறது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை 2022லும், நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காட்டை 2025லும் அரசாங்கம் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது, அந்த மாதிரி இடங்களில் எந்த மரமாக இருந்தாலும் நின்று பாருங்கள். பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள், செருப்பை வெளியே விடச் சொன்னால் விடுங்கள். தூரைச் சுற்றும் முன்பு அண்ணாந்து ஒரு தடவை பாருங்கள். பெரிய மரத்தில் மலைத்தேனீ கூடு இருந்தால் அன்றைக்கு அளவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற 15 அல்லது 30 மீட்டர் ஃபைபர் டேப் ஒன்று, சாக்பீஸ், கைக்கு அடக்கமான ஒரு கம்பு, கொத்தனாரிடம் கடன் வாங்கின தூக்குக்குண்டு, நோட்டு, பேனா, கூட ஒரு ஆள். தையல்காரர் டேப் வேண்டாம், அது ஒன்றரை மீட்டர்தான், போதாததற்கு இழுத்தால் நீளும். டேப் கிடைக்காவிட்டால் இழுத்தாலும் நீளாத கயிற்றைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பிறகு அதைத் தரையில் நீட்டி அளக்கலாம். தேங்காய் நார்க்கயிறு இழுக்கிறவன் பலத்துக்கு ஏற்ப அளவு காட்டும், அதை எடுத்துப் போகாதீர்கள்.

சுற்றளவை எடுக்க வேண்டிய உயரம் தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. வனத்துறைக்காரர்கள் மார்பளவு உயரம் என்பது இதைத்தான். கம்பை இந்த அளவுக்கு வெட்டிக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் குனிந்து அளக்க வேண்டியதில்லை. மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் கம்பை நிறுத்தி சாக்பீஸால் கோடு போடுங்கள், டேப் அந்த நாலு கோட்டையும் தொட்டுப் போக வேண்டும். இதைச் செய்யாமல் சும்மா சுற்றினால் பின்பக்கம் டேப் கீழே இறங்கிவிடும், முன்னால் நிற்கிறவருக்குத் தெரியவே தெரியாது. டேப் சாய்ந்தால் அளவு கூடத்தான் செய்யும், நேரான மரத்தில் ஒருநாளும் குறையாது. பந்தயம் கட்டுகிறவர்கள் கணக்கெல்லாம் எப்போதும் கூடுதலாகவே இருப்பதற்கு இது பாதிக் காரணம்.

சமதரையில் நேராக நிற்கிற மரம் என்றால் இத்தோடு வேலை முடிந்தது. நம் ஊரில் அப்படி மருதம் எங்கே நிற்கிறது? கரைச் சரிவில்தான் நிற்கும். சரிவில் மேட்டுப்பக்கத் தரையிலிருந்து 1.37 எடுப்பது நம் வனத்துறை வழக்கம். வேறு வழக்கங்களும் உண்டு, நீங்கள் எதை எடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதினால் போதும். அந்த உயரத்தில் முண்டு, முடிச்சு, கொப்பு கிளம்புகிற வீக்கம் ஏதாவது இருந்தால், அதற்குக் கீழே ஆக ஒடுங்கின இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். வயசான மருதத்துக்கு அடித்தூர் பலகைவேர் மாதிரி விரிந்து மடிப்பு மடிப்பாக இருக்கும், சில மரத்தில் அந்த மடிப்பு நெஞ்சு வரைக்கும் ஏறிவிடும். மடிப்புக்கு மேல் டேப் போனால் நடுவில் காற்றையும் சேர்த்துத்தான் அளக்கிறோம். அப்படிப்பட்ட மரத்தில் மடிப்பு முடிகிற இடத்துக்கு அரை மீட்டர் மேலே அளந்துவிட்டு, எத்தனை உயரத்தில் எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். உயரம் எழுதாத சுற்றளவு, சர்வே எண் இல்லாத பத்திரம் மாதிரி.

மாமாவின் மரத்தில் எனக்கு வந்த சிக்கல் எதிலும் படித்ததில்லை. கண்மாய் தூர் வாரினபோது ஜேசிபி அள்ளின வண்டலைக் கரையில் கொட்டி, மரத்தின் தூரையே ரெண்டடிக்கு மூடியிருந்தார்கள். முதலில் அந்தப் புது மண்ணிலிருந்து 1.37 எடுத்துச் சுற்றினோம், 5 மீட்டர் 12 சென்டிமீட்டர். ஏதோ இடித்தது, ஏனென்றால் தூர் விரியாமல் மின்கம்பம் நட்ட மாதிரி மண்ணுக்குள் நேராக இறங்கியது. மரம் என்றால் அடியில் கொஞ்சமாவது விரிய வேண்டும். மண்வெட்டி வாங்கி வந்து ஒரு பக்கம் முழங்கை ஆழம் தோண்டினதும் பழைய தரை வந்தது, காய்ந்த இலை, காய், ஒரு பாட்டில் மூடி எல்லாம் படிந்த கறுப்பு வரி. அங்கிருந்து கம்பை நிறுத்தி அளந்தால் 5 மீட்டர் 33. மரம் முளைத்த தரைதான் தரை, பிறகு யாரோ கொட்டின மண் இல்லை. நீங்கள் அளக்கிற மரமும் இப்படிக் கம்பம் போல மண்ணில் இறங்கினால் தோண்டிப் பாருங்கள். தோண்டின கையோடு அந்த மண்ணை ஒதுக்கியும் விடுங்கள், தூர் மூடிக் கிடப்பது மரத்துக்கு நல்லதில்லை.

ஆக மாமாவின் அஞ்சு ஆள் மரம் பதினேழரை அடி. மூணு ஆளும் ஒரு பொடியனும். மாமா ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு சம்பந்தி மரத்துக்குப் போனேன். பார்த்ததும் மலைத்துத்தான் போனேன், டேப் 7 மீட்டர் 40 காட்டியது. அவர் மீசையை முறுக்கத் தொடங்குவதற்குள் மரத்தை இன்னொரு சுற்று வந்தேன். தூரில் மேலிருந்து கீழாக ரெண்டு மூணு இடத்தில் பட்டை உள்நோக்கி மடிந்து, துணியைத் தைத்த தையல் மாதிரி கோடு ஓடியது. ஒரு கோட்டுக்குள் காய்ந்த குச்சியை விட்டேன், விரல் நீளம் உள்ளே போனது. தலைக்கு மேலே மூணு தண்டாகப் பிரிந்து நின்றது. இதுதான் இந்த வேலையில் ஆகப் பெரிய பொறி: ஒட்டி வளர்ந்த மூணு மரத்தை ஒரே மரமென்று அளப்பது. மருதம் வெட்டினால் தூரிலிருந்து மறுபடியும் துளிர்க்கிற ஜாதி. எந்தக் காலத்திலோ யாரோ வெட்டியிருப்பார்கள், சுற்றி மூணு தளிர் கிளம்பியிருக்கும், தடித்துத் தடித்து ஒன்றோடொன்று முட்டி ஒரே உடம்பு மாதிரி ஆகியிருக்கும். வேர் ஒன்றாகவே இருந்தாலும் சரி, அளவுக் கணக்கில் அது மூணு தண்டுதான். அந்த மேப்பிளும் வெட்டின தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கிற ரகம், அங்கேயும் இதே வம்புதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு தண்டின் நட்டநடுவிலும், மெத்தென்ற சோறு போகிற வாட்டத்தில், கோடு ஒன்று ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்டு சாய்ந்திருக்கிற வாட்டத்திலேயே அந்தக் கோட்டைக் கண்ணால் கீழே இறக்குங்கள். கோடுகள் தரைக்கு மேலே சந்தித்தால் அது கவட்டை விட்ட ஒரே மரம், கவட்டைக்குக் கீழே ஒடுங்கின இடத்தில் அளக்கலாம். தரையிலோ தரைக்கு அடியிலோ சந்தித்தால் தனித்தனி மரம், அதில் தடித்த தண்டை மட்டும் பிரிகிற இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். சம்பந்தி மரத்தின் மூணு தண்டும் கிட்டத்தட்ட செங்குத்தாக, தள்ளித் தள்ளி நின்றன, கோடுகள் தரைக்கு மேலே சந்திக்க வழியே இல்லை. ஏணி வைத்து ஏறித் தடித்ததை அளந்தேன், 3 மீட்டர் 60. நான் சொன்னதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கு வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. “மாப்ள, வேட்டி ஒண்ணுதான, உள்ள எத்தனை கால் இருந்தா என்ன?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆலமரத்தை இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். ஹவுராவில் இருக்கிற புகழ்பெற்ற ஆலமரத்தின் தாய்த்தண்டைப் பூஞ்சை அரித்து 1925லேயே அகற்றிவிட்டார்கள், விழுதுகளில் மரம் இன்னும் நிற்கிறது. அதற்குச் சுற்றளவு எங்கே எடுப்பீர்கள்?

அடுத்தது உயரம். சுலபமான வழி நிழல். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலையும் மரத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்து வகுத்தால் தீர்ந்தது. ஆனால் நம் ஊரில் நேரம் பார்த்துப் போக வேண்டும். சித்திரைத் திருவிழாக் காலத்தில் மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் வருகிறது, பன்னிரண்டேகால் வாக்கில் குச்சிக்கு நிழலே இருக்காது. அதே சித்திரையில் காலை ஒன்பதேகால் சுமாருக்கு நிழல் அதனதன் உயரத்துக்குச் சமமாக விழும், அப்போது வகுக்கவே வேண்டாம். பக்கத்தில் வேறு மரமோ வயல் பள்ளமோ இருந்தால் நிழல் முறை வேலைக்கு ஆகாது. அப்போது கம்பு முறைதான். கையை முன்னால் நீட்டி, கண்ணிலிருந்து முஷ்டிக்கு எத்தனை தூரமோ அதே நீளம் முஷ்டிக்கு மேலே நிற்கிற மாதிரி கம்பை நேராகப் பிடியுங்கள். பின்னாலேயே நடந்து போய், முஷ்டி மரத்தின் அடியையும் கம்பு நுனி மரத்தின் உச்சியையும் தொடுகிற இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து மரம் வரைக்கும் எத்தனை தூரமோ அதுதான் உயரம். பின்னால் கிணறு இருக்கிறதா என்று பார்த்து நடங்கள், இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரெண்டு முறையிலும், செல்போனில் கோணம் காட்டுகிற ஆப் வைத்து அளந்தாலும்கூட, ஒரு ஓட்டை இருக்கிறது. மருதத்தின் உச்சிக்கொப்பு தண்டுக்கு நேர் மேலே இருப்பது அபூர்வம், தலை குடை மாதிரி பரந்திருக்கும், கொப்புகள் தொங்கும். தண்டிலிருந்து 30 மீட்டரில் நின்று 45 டிகிரியில் உச்சியைப் பார்க்கிறீர்கள், கணக்கு 30 மீட்டர் என்கிறது. நீங்கள் உச்சியென்று பார்த்த கொப்பு உங்கள் பக்கமாக 8 மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் உண்மையில் அது உங்களிடமிருந்து 22 மீட்டரில்தான் இருக்கிறது, உயரமும் 22தான். கண் உயரத்தைக் கூட்டிக்கொள்வது தனி. கொப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் கணக்கு குறைத்துக் காட்டும். அதனால் உச்சிக்கொப்புக்கு நேர் கீழே தரையில் எந்த இடம் என்று முதலில் பிடிக்க வேண்டும், தூக்குக்குண்டு கொண்டுவரச் சொன்னது இதற்குத்தான். தள்ளி நின்று குண்டை முகத்துக்கு நேரே தொங்கவிட்டு, நூல் உச்சிக்கொப்பின் மேல் விழுகிற மாதிரி பிடியுங்கள். நூல் தரையில் தொடுகிற வாட்டத்தில் கூட வந்தவர் கோடு கிழிக்கட்டும். பக்கவாட்டில் போய் நின்று இன்னொரு தடவை. ரெண்டு கோடும் வெட்டுகிற இடத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுங்கள். லேசர் கருவி வைத்திருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம், உச்சிக்கே குறிவைத்து வருகிற தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கி, கண் உயரத்தைக் கூட்டினால் போதும். பத்தாம் வகுப்பில் தூங்காமல் இருந்திருந்தால் ஞாபகம் இருக்கும்.

தலைப்பரப்பு சின்ன வேலை. கொப்பு ஆக அகலமாகப் பரந்த வாட்டத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று, கூட்டி ரெண்டால் வகுங்கள்.

அமெரிக்கப் பட்டியல்காரர்கள் மூன்றையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள்: சுற்றளவு அங்குலத்தில், உயரம் அடியில், தலைப்பரப்பு அடியில் கால் பங்கு. மாமா மரத்துக்குச் சுற்றளவு 210 அங்குலம், உயரம் 23 மீட்டர் என்றால் 75 அடி, பரப்பு 21 மீட்டரில் கால் பங்கு 17. ஆக 302. அங்குலமும் அடியும் கலந்த இந்தக் கூட்டு எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, குண்டாக இருக்கிற மரத்துக்கே அள்ளிக் கொடுக்கிறது. ஆனாலும் ஊருக்கு ஊர் ஒப்பிட ஒரு பொதுக் கணக்கு வேண்டியிருக்கிறதே. மூன்று அளவையும் தனித்தனியே எழுதி வைத்தால் எப்படி வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

வயசை மட்டும் எழுதாதீர்கள். எல்லா ஊரிலும் பெரிய மரத்துக்கு ஆயிரம் வருஷம்தான். வாய்க்கால் தண்ணீரில் கால் நனைத்து நிற்கிற மருதம் சீக்கிரம் பருத்துவிடும், அதே வயசுக்காரன் மேட்டில் ஒல்லியாக நிற்பான். சுற்றளவைப் பார்த்து வயசு சொல்வது தொப்பையைப் பார்த்து வயசு சொல்வது போல.

எழுத வேண்டியது தேதி, அளந்த உயரம், தரை எப்படி, ஒற்றைத் தண்டா கூட்டா, பட்டை உரித்த காயம் உண்டா. கடைசியில் சொன்னது முக்கியம். மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று நாட்டுமருந்துக் கடையில் விற்பதால் தூரைச் சுற்றிச் செதுக்கிவிடுகிறார்கள், ஒரு சுற்று முழுசாக உரித்தால் மரம் செத்தது. அதனால் போட்டோ போடுங்கள், பெருமை பேசுங்கள், ஜிபிஎஸ் புள்ளியை மட்டும் ஊருக்கெல்லாம் கொடுக்காதீர்கள். கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: 2002ஆம் வருஷத்து உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் அதைக் கேட்டு, உங்கள் மரத்தை அளவோடு சேர்க்கச் சொல்லுங்கள். நான் கேட்ட ஓர் அலுவலகத்தில் அது பீரோவுக்குள் இருந்தது, சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். மூணாவது நடையில் எழுதினார்கள், ‘மருதம், 1, பெரியது’ என்று. அளவு எழுதிக் கொடுத்த தாளை நானே அந்தப் பக்கத்தில் ஊக்கு குத்தி வைத்துவிட்டு வந்தேன்.

மாமா இப்போது சமாதானம் ஆகிவிட்டார். போன வாரம் போன் பண்ணி, குருவித்துறைப் பக்கம் ஆற்றோரம் ஒரு மரம் பார்த்தேன், தையல் கோடு ஒன்றுகூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கிட்டு வாடா என்கிறார். தூக்குக்குண்டு அவரே வாங்கிவிட்டாராம்.